முதுகில் உளி படக்கூடாது

மின்வாரியத்துக்காரர்கள் கம்பிக்கு இடைஞ்சலான கிளைகளை வெட்டிச் சாலையோரம் தள்ளியிருந்தால் சமுத்திரத்தின் சைக்கிள் அங்கே நின்றுவிடும். ஸ்டாண்டு போடமாட்டார். வண்டியைத் தொடையில் சாய்த்துக்கொண்டே குனிந்து ஒரு கிளையை இழுப்பார். கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறி மோந்து பார்ப்பார். பிறகு ஒரு நுனியைக் காதோரம் வைத்துக்கொண்டு மறு நுனியை விரல் முட்டியால் தட்டுவார். தென்காசி பஸ் அவர் முதுகை உரசிக்கொண்டு போகும். டிரைவர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார். சமுத்திரத்துக்கு அது கேட்காது. "வாகை. ஒடம்பு இருக்கு, உரம் இல்ல" என்று முணுமுணுத்துவிட்டுக் கிளையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு ஏறி மிதிப்பார்.

அவர் ராஜபாளையத்தில் எங்கள் நூற்பாலையில் தச்சர். ஐம்பத்திரண்டு வயது. பாபின் பெட்டிக்கு அடி தைப்பது, தள்ளுவண்டிக்குச் சட்டம் போடுவது, மழைக்கு உப்பிப்போன கதவைச் சீவிவிடுவது அவர் வேலை. நான் அதே மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். அவர் பெயருக்கு நேரே லேட் போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் கேட்டேவிட்டேன், ஒரு பத்து நிமிஷம் முன்னால் கிளம்பினால் என்ன என்று.

"கெளம்பத்தான் செய்யுதேன். வழியில மரம் கெடந்தா எப்படி சார் பாக்காம வர? நீங்க பஸ்ஸுல வரும்போது கோபுரத்தப் பாத்தா கன்னத்துல போட்டுக்கிடலையா?"

அவர் மரம் பார்ப்பது கட்டிலுக்கோ கதவுக்கோ அல்ல, வில்லுக்கு. அய்யனார் கோவிலுக்குப் போகும் பாதையிலிருந்து பிரிந்து இரண்டு மைல் உள்ளே போனால் அவருடைய ஊர். அங்கே சிறிய பெருமாள் கோவில் ஒன்று உண்டு. விஜயதசமியன்று பெருமாள் மரக்குதிரையில் ஏறி ஊர்ப் பொட்டலுக்கு வருவார். நட்டு வைத்த வாழைமரத்தின்மேல் அவர் சார்பில் பட்டர் அம்பு போடுவார். வில் வருஷாவருஷம் புதிது. திருவிழா முடிந்த மறுநாள் அது ஓடைத் தண்ணீரோடு போய்விடும். புது வில் கொடுக்கவேண்டியது சமுத்திரத்தின் வீடு. அதற்காகத் தலையில் ஒரு பரிவட்டம், கையில் ஒரு தேங்காய்மூடி. வில் ஒடிந்தால் ஒரு வருஷத்துக்குள் கொடுத்த வீட்டில் ஓர் உயிர் போகும் என்று ஊரில் ஒரு பேச்சும் உண்டு. ஒடிந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பேச்சைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

மரங்களைப் பற்றி அவர் பேசுவது தெருவில் இருக்கிற ஆட்களைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். தேக்கு என்றால் உதட்டைப் பிதுக்குவார். "அது பீரோ ஆகுறதுக்குன்னே பொறந்தது சார்." வேம்பு நல்லதுதான், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். புளி வளையவே யோசிக்கும், வளைந்துவிட்டால் நிமிர யோசிக்கும். கொய்யாவுக்கு நல்ல மனசு, ஆறடி நேராக வளரத் தெரியாது. மூங்கிலில் செய்தால் என்ன என்று நான் கேட்டபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பாடை கட்டுற சாமானப் பெருமாள் கையில குடுக்கச் சொல்லுதீகளா?"

அவர் கும்பிடுகிற மரம் சடச்சி. மலையில் வளர்வது, காவடித்தண்டு செய்ய ஏற்றது. "இழுத்தா வரும், விட்டா போயிரும். எதையும் மனசுல வச்சுக்கிடாது" என்பார். சடச்சியிலும் எந்தக் கிளையும் ஆகாது. நட்டமாக நிமிர்ந்து வளர்ந்தது வேண்டாம். வெயிலுக்காக ஒரு பக்கம் சாய்ந்து, தன் பாரத்தைத் தானே தாங்கி வளர்ந்த கிளைதான் வேண்டும். அப்படிப்பட்ட கிளையின் மேல்பக்கம் பிறந்ததிலிருந்து இழுபட்டே பழகியது. அதுதான் வில்லின் முதுகு, அதாவது எய்கிறவனுக்கு எதிரே நிற்கிறவன் பார்க்கிற பக்கம். இலை உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும் மாசியில் வெட்டவேண்டும். இரண்டு நுனியிலும் தேன்மெழுகு பூசிப் பரணில் ஆறேழு மாதம் நிழலிலேயே காயவிடவேண்டும். செதுக்குவதெல்லாம் வயிற்றுப் பக்கம்தான். முதுகில் பட்டையை உரித்து, அதன் கீழே இருக்கிற நார் அறுபடாமல் அப்படியே விட்டுவிடவேண்டும். "முதுகுல உளி படக்கூடாது சார். நகம் பட்டாலும் அது ஞாபகம் வச்சுக்கிடும்." எதையும் மனசில் வைத்துக்கொள்ளாத மரத்துக்கு இது மட்டும் ஞாபகம் இருக்குமாம்.

எண்பத்தெட்டு வாக்கில் மலையைச் சாம்பல் அணிலுக்கான சரணாலயமாக்கிவிட்டார்கள். பாரஸ்ட் கார்டுகள் வந்தார்கள், போர்டு வந்தது, கோடாலியோடு ஏறினால் கேஸ். "அணிலுக்குப் பட்டா போட்டுக் குடுத்தாச்சு. நமக்குக் கீழ உதுந்தது மிச்சம்" என்று சிரித்தார். அதற்கு முன்பே வெட்டிப் பரணில் போட்டிருந்த சடச்சித் தடிகள் வருஷத்துக்கு ஒன்றாகக் குறைந்தன. கடைசித் தடி தொண்ணூற்று மூன்றில் வில்லாயிற்று. அந்த வருஷம் ஆவணியில்தான் அவருடைய ஒரே மகள் தங்கபாய்க்குக் கல்யாணம் ஆனது.

மாப்பிள்ளை வீடு எங்கள் ஊர். சம்பந்தி வேல்சாமிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் பாத்திரக்கடை, மாடியில் வீடு. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் பெயர் வெட்டாமல் விடமாட்டார். கடை வாசலில் பெயர் வெட்டுகிற ஆள் ஒருவர் எந்நேரமும் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பார். வேல்சாமி உட்காருகிற முக்காலிக்கு அடியிலும் வேல்சாமி என்றிருக்கும். தலைத்தீபாவளிக்கு முன் வருகிற முதல் விசேஷம் அம்பு போடும் திருநாள் என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"இந்த வருஷம் வில்லு நம்ம உபயமா இருக்கட்டும் சம்மந்தி. பேரு போட்டிருவோம்."

பெயிண்டில் எழுதலாமே என்றார் சமுத்திரம்.

"பெயிண்டு ரெண்டு மழைக்குத் தாங்குமா? வெட்டுனாத்தான் பேரு."

மறுநாள் ஓடையோடு போகப்போகிற வில் எத்தனை மழையைத் தாங்கவேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நானும் அன்று கடையில்தான் இருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. வயிற்றுப் பக்கம் வெட்டலாம் என்று சமுத்திரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பக்கம் பட்டர் மட்டும்தானே பார்ப்பார், ஜனங்கள் பார்க்கவேண்டாமா என்றார் வேல்சாமி. தங்கபாய் கலர் கலையாத புதுச்சேலையில் காபித் தம்ளர்களோடு மாடிப்படியில் நின்றாள். சமுத்திரம் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கொண்டுவந்திருந்த வில்லை என் மடியில் வைத்து, "எழுதுங்க சார்" என்றார். நான் அதன் முதுகில் பென்சிலால் உபயம் வேல்சாமி என்று குண்டு குண்டாக எழுதினேன். வாசலில் இருந்தவர் அதன்மேல் உளி வைத்து வெட்டினார்.

விஜயதசமி அன்று பட்டர் நாணை முழங்கை மடங்குகிற அளவுக்குக்கூட இழுக்கவில்லை. ஒரு சத்தம், அவ்வளவுதான். மேளம் நின்றது. வில் இரண்டாகி நாணில் தொங்கியது. முதலில் ஓடிப்போனவர் சமுத்திரம். தோளில் கிடந்த துண்டை உதறி இரண்டு துண்டுகளின் மேலும் போர்த்தி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியே போய்விட்டார். அவமானத்தில் ஓடுகிறார் என்றார்கள். ஊரில் பாதிப்பேர், மரம் பார்க்கத் தெரியாமல் போனதே என்று வாய்விட்டே சொன்னார்கள்.

மறுநாள் மில்லில் தச்சுப் பட்டறைக்குள் என்னை மட்டும் கூப்பிட்டுத் துண்டை விரித்தார். முறிவு வேல்சாமிக்கு நடுவில் ஆரம்பித்திருந்தது. என் எழுத்தின் கோடு எங்கே நாரைக் குறுக்கே அறுத்ததோ அங்கேயிருந்து விரிசல் ஓடியிருந்தது. மரத்தின் உட்புறம் வெள்ளையாக, ஒரு பூச்சி அரித்த அடையாளம்கூட இல்லாமல் இருந்தது.

"பாத்தீகளா?"

"பார்த்தேன்."

"பாக்கலைன்னு வச்சுக்கோங்க."

எனக்குக் கோபம் வந்தது. என்மேல் வந்த கோபத்தை அவர்மேல் காட்டினேன். ஊரைக் கூட்டி இதைக் காட்ட வேண்டியதுதானே என்று கத்தினேன்.

"காட்டி என்ன சொல்லச் சொல்லுதீக? ஒங்க பேருதான் ஒடிச்சிருச்சுன்னு சம்மந்திகிட்டச் சொல்லவா? அது அவியளுக்கு எம்புட்டு அபசகுனம்? எம்பிள்ள வாழப்போய் ரெண்டு மாசம் ஆகல சார். பேரு ஒடஞ்ச வீட்டுல அவள எப்படி வச்சிருப்பாவ?"

துண்டுகளை மறுபடி சுற்றித் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். வீட்டில் மனைவி பெத்தம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

தைப் பொங்கல் கழிந்து தங்கபாய் உண்டானாள். செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னவன் நான்தான். சம்பந்தி கடையைத் தாண்டித்தான் நான் பஸ் ஏறவேண்டும். போகிற சொல், வருகிற சொல் எல்லாம் என் வழியாகத்தான் போய்வந்தன. தலைப்பிரசவம் பெற்றவள் வீட்டில்தான். பெத்தம்மாள் அன்றைக்கே பிள்ளைத்துணிக்காகப் பழைய நூல் சேலைகளைத் துவைத்துக் கிழித்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள். பத்து நாள் கழித்து வேல்சாமியின் மனைவி பரிபூரணம் என்னைக் கடைக்குள் கூப்பிட்டாள். அவள் குரலில் வெறுப்பு இல்லை. பயம்தான் இருந்தது, அதனாலேயே எனக்கு எதிர்த்துப் பேச வரவில்லை.

"வில்லு ஒடஞ்ச வீடு சார். ஒரு வருஷத்துக்கு அங்க உசுருக்குக் காவல் இல்லன்னு அவிய ஊருலேயே சொல்லுதாங்க. வளகாப்ப இங்கயே வச்சுக்கிடுவோம். அடுத்த அம்பு போடுற நாள் நல்லபடியாக் கழியட்டும், பொறவு கூட்டிட்டுப் போகட்டும்."

குற்றம் மரத்தில் இல்லை என்று தெரிந்த அந்த மனிதர், அன்றுமுதல் பைத்தியம் பிடித்தவர்போல மரம் தேடினார். அடுத்த வில்லுக்குத் தடி இல்லை. மாசிக்குள் வெட்டாவிட்டால் காயாது. மர அறுவை மில், விறகுக்கடை, ரோடு அகலப்படுத்த வெட்டிய இடம் என்று ஒன்றையும் விடவில்லை. எங்கள் மில்லில் ஒருவர் இறந்து எல்லோரும் சுடுகாட்டில் நின்றபோது, இவர் மட்டும் அடுக்கப்போகிற விறகின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். செத்தவரின் மைத்துனர் அடிக்கவே வந்துவிட்டார். நான் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "இலந்த சார். நல்ல இலந்த. எரிக்கப் போறாங்க" என்றார்.

கடைசியில் அய்யனார் கோவில் பாதையில் ஒரு மாந்தோப்பின் வாய்க்கால் வரப்பில் ஒற்றைச் சடச்சி நிற்பதைக் கண்டுபிடித்தார். தோப்புக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். மூன்று ஞாயிற்றுக்கிழமை நடையாய் நடந்தபிறகு, "ஒக்க கொம்மே" என்று ஒரு விரலைக் காட்டினார். ஒரே கிளை. வெட்டுவதற்கு முன் இரண்டு நாள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருந்ததைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தத் தடி பரணில் காய்ந்த ஏழு மாதமும் அவர் வீட்டில் பேச்சே இல்லை. பெத்தம்மாள் சோறு வைப்பாள், நகர்ந்துவிடுவாள். ஆவணியில் வளைகாப்புக்குப் போனபோது மகளின் கையில் வளையலைப் போட்டுவிட்டு, மற்ற விருந்தாளிகளோடு சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தாள். வந்த இரவு அவள் சொன்னதை அவரே என்னிடம் சொன்னார். "ஒங்க கைக்கு மரம் பாக்கத் தெரியலைன்னா யாருகிட்டயாவது குடுத்திருக்கலாம்ல? எம்பிள்ள வயித்தோட அங்க கெடக்கு." தகரப் பெட்டியின் சாவி அப்போது அவர் அரைஞாண் கயிற்றில்தான் இருந்தது.

தொண்ணூற்று நான்கில் விஜயதசமி புரட்டாசிக் கடைசியிலேயே வந்துவிட்டது. பட்டர் பயந்து பயந்து இழுத்தார். "இழுங்க சாமி, நல்லா இழுங்க!" என்று சமுத்திரம் கத்தினார். வில் வட்டமாக வளைந்தது. அம்பு வாழைமரத்தில் குத்தி நின்றது. மறுபடி ஒருமுறை இழுக்கச் சொன்னார், மறுபடியும். மூன்றாவது அம்பில் ஊரே கைதட்டியது. பரிவட்டத்தைக்கூட அவிழ்க்காமல் பெத்தம்மாளோடு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். கடை வாசலிலேயே என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

உள்ளே பரிபூரணம் தினசரிக் காலண்டரை வைத்துக்கொண்டு நின்றாள். போன வருஷம் வில் ஒடிந்தது ஐப்பசி எட்டாம் தேதி. இன்றைக்குப் புரட்டாசி இருபத்தெட்டு. வருஷம் முழுசாக ஆகவில்லையே.

"பத்து நாளுதான் மதினி. இம்புட்டு நாள் பொறுத்தாச்சு. தேதி கழிஞ்ச அன்னைக்கே நானே கொண்டாந்து விடுதேன்."

திதிப்படி வருஷம் ஆகிவிட்டதே, தேதி எதற்கு என்று நான் பஞ்சாங்கம் பேசினேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். வேல்சாமி பில் எழுதப் போய்விட்டார். மாடியிலிருந்து தங்கபாய் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பெத்தம்மாள் மடியில் வைத்திருந்த பிள்ளைத்துணி மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். பிறகு எழுந்துகொண்டாள்.

ஐப்பசி ஐந்தாம் தேதி வலி வந்துவிட்டது. நல்ல மழை. ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தியை நான்தான் மில்லுக்குக் கொண்டுபோனேன். சமுத்திரத்தையும் பெத்தம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வார்டு வாசலில் பரிபூரணம் கையை விரித்து நின்றாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இன்னும் மூணு நாளு மதினி. ஒங்க கால்ல விழுதேன், உள்ள வராதீக." உள்ளேயிருந்து தங்கபாய் "எம்மா, எம்மா" என்று கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது. பெத்தம்மாள் ஜன்னலுக்கு வெளியே மழையில் போய் நின்றுகொண்டு, "இங்கதான் இருக்கேன் தாயி, இங்கதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த மழைச் சத்தத்தில் அது உள்ளே எட்டியிருக்காது. அப்போதுகூடச் சமுத்திரம் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பொழுது சாய்ந்தபின் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று ஆயா வந்து சொன்னாள். நனைந்துபோன மூட்டையோடு அவர்களை நான் ராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். முன் சீட்டில் அவள், பின் சீட்டில் அவர்.

பிரசவம் முடிந்தபின் அழைத்துப்போக என்ன இருக்கிறது? தங்கபாய் போகவே இல்லை. பெத்தம்மாள் அந்தத் துணிகளைக் காயவைத்து மடித்து எங்கோ வைத்துவிட்டாள். எங்கே என்று அவரும் கேட்கவில்லை.

முப்பதாம் நாள், கார்த்திகையில், தாய்வீட்டுச் சீர் கொண்டுவரலாம் என்று சொல் வந்தது. பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு பித்தளை அண்டாவும் பால் புகட்ட ஒரு வெள்ளிச் சங்கும் சமுத்திரம் வாங்கியிருந்தார். பெத்தம்மாள் வரவில்லை. காய்ச்சல் என்றாள். அண்டாவின் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டேன். கடையில் வேல்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கண்டம் கழிஞ்சுது சம்மந்தி, வாங்க வாங்க" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார். தங்கபாய் இறங்கி வந்து பிள்ளையை அப்பாவின் இடது கையில் வைத்தாள். அவர் அதன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. கட்டைவிரலால் அதன் முதுகை மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஏலே, அந்த அண்டாவ எடு. சமுத்திரம் தாத்தா பேரப் போட்டிருவோம்" என்றார் வேல்சாமி. "சார், அழகா எழுதிக் குடுங்க." பென்சிலை என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. வாசலில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, எழுதாமலே வெட்டத் தெரியும் என்று சொல்லி, அண்டாவைச் சாய்த்து விளிம்புக்குக் கீழே உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

சமுத்திரம் குனிந்து வலது உள்ளங்கையை விரித்து உளிக்கும் பித்தளைக்கும் நடுவில் வைத்தார்.

"கைய எடுங்க சம்மந்தி. பேரு இல்லாம எப்படி? நாளைக்கு யாரு செஞ்சதுன்னு தெரியாண்டாமா?"

வேல்சாமி இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்ல வாயெடுத்தவர், சம்பந்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஓங்கிய சுத்தியல் அடிக்காமலே கீழே இறங்கியது. உளி விலகியது. கை மட்டும் அண்டாவின்மேல் அப்படியே இருந்தது.